பள்ளப்பாதையை எவ்வளவு ஆழம் குடைவது?

அன்புள்ள தம்பிக்கு,

வாட்டர்லூ போர்விளையாட்டுக்கு நீ செய்யவிருக்கும் பலகையைப் பற்றி நிறைய எழுதியிருந்தாய். எல்லாம் சரி. கடைசியில், போகிற போக்கில் ஒரு கேள்வி போட்டிருந்தாயே, அதுதான் என்னை விடவில்லை: “பிரெஞ்சுக் குதிரைப்படை விழுந்து புதைந்த பள்ளப்பாதையை எத்தனை சென்டிமீட்டர் குடைய வேண்டும்?”

அந்தப் பள்ளம் உன் தலைக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். விக்டர் ஹ்யூகோவிடமிருந்து. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழுக்குத் தந்தாரே, அந்த நாவலின் மூலத்தில் வாட்டர்லூவுக்கென்று ஒரு பெரும்பகுதியே இருக்கிறது. போர் நடந்தது 1815 ஜூன் 18. நாவல் வந்தது 1862இல். ஹ்யூகோ போர்க்களத்துக்கே போய்த் தங்கி எழுதியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குதிரைப்படையே விழுந்து பள்ளத்தை நிரப்பியது, பின்னால் வந்தவர்கள் அந்த உடல்கள்மேல் ஏறிக் கடந்தார்கள் என்று அவர் தீட்டும் காட்சி அவருடைய கற்பனை வேகத்தில் பிறந்தது. அந்தப் பாதை ஓடும் முகட்டில் நின்று பிரெஞ்சுக் குதிரைப்படையை எதிர்கொண்ட அதிகாரிகளின் கடிதங்களில் அப்படி ஒரு பேரழிவு இல்லை. பாதை இருந்தது. பிரஸ்ஸல்ஸ் நெடுஞ்சாலையை அது வெட்டுகிற இடத்தருகே இருபுறமும் கரை உயர்ந்திருந்தது. கிழக்கே போகப் போக வேலிச்செடிதான் பெரிய தடை. அதை ஒரே ஆழத்தில் ஓடும் அகழியாக நீ குடைந்துவிட்டால், விளையாட வருகிற ஒவ்வொருவரும் அந்த நாவலைத்தான் விளையாடுவார்கள்.

செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். இங்கேதான் எனக்குக் கோபமே வந்தது. நிலம் மாறாது என்று யார் சொன்னது? வாட்டர்லூவில் நிலத்தையே அள்ளிக்கொண்டு போனார்கள். நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியம், தன் மகன் ஆரஞ்சு இளவரசர் காயம்பட்ட இடத்தைக் குறிக்க ஒரு செயற்கைக் குன்று எழுப்பினார். 1826இல் முடிந்த அந்தச் சிங்கமேடு 40 மீட்டருக்கு மேல் உயரம். அதற்கான மண், பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை நின்ற அதே முகட்டிலிருந்து சுரண்டப்பட்டது. நீ தேடுகிற பள்ளப்பாதையின் கரையும் அந்த மண்ணோடுதான் போனது. செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை. சுரண்டியது போக மிஞ்சியதைத் துல்லியமாக அளந்து தருகிறது. அதை 1815 என்று நம்புவது உன் தவறு. உகுமோன் மாளிகைக்குத் தெற்கே அன்று ஒரு காடு இருந்தது. காலையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் அதற்குள் நுழைந்துதான் மாளிகை மதிலை நெருங்க முடிந்தது. அந்தக் காடும் இன்று இல்லை. உன் தரவின்படி விளையாடினால் அந்தத் தாக்குதலே புரியாது.

பழைய வரைபடங்களுக்குப் போ. போருக்கு மறு வருடமே, 1816இல், பிரபாந்துப் பகுதியின் நில அளவையாளர் கிரான் வெளியிட்ட வரைபடம் இருக்கிறது. குன்று எழும்புவதற்கு முந்தைய நிலம் அதில் கிடைக்கும். 1770களில் ஃபெராரி தலைமையில் ஆஸ்திரிய ஆட்சிக்காக வரைந்த பெரிய வரைபடத்தை பெல்ஜிய அரச நூலகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பாதை, வேலி, தோட்டம், காடு எல்லாம் வண்ணத்தில் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டிலும் இருப்பதைத் தைரியமாகப் பலகையில் வை. ஒன்றில் மட்டும் இருப்பதைப் பென்சிலால் குறி.

இனி வில்லியம் சைபோர்னைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உன் வேலையை உனக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முன்பே செய்தவர் அவர். 1830இல் ஒரு பெரிய மாதிரி செய்யும்படி பிரிட்டிஷ் ராணுவம் அவரைப் பணித்தது. லா ஹே சான்ட் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். கவனி, அப்போது சிங்கமேடு எழும்பி முகடு சிதைந்துவிட்டது. போன நிலத்தையும் அவர் மனத்தில் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. பிறகு, உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் சுற்றுக்கடிதம் அனுப்பினார். மாலை ஏழு மணியளவில், போரின் கடைசி நெருக்கடியில், உங்கள் படை எங்கே நின்றது, எதிரில் யார், எந்த அணிவகுப்பில் வந்தார்கள் என்று கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அரசு பணத்தை நிறுத்திய பிறகும் கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார். 1838இல் லண்டனில் மாதிரி காட்சிக்கு வந்தது. ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்ற அளவில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஈயப் பொம்மைகள். செல்சியில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

இந்த மனிதரை நான் எவ்வளவு மதித்தாலும், அவருடைய மாதிரியை அப்படியே நகலெடுக்க உன்னை விடமாட்டேன். முகடு கண்ணுக்குத் தெரிவதற்காக உயரத்தை மட்டும் மும்மடங்குக்கு மேல் கூட்டியிருக்கிறார். பதில் எழுதியவர்கள் அதிகாரிகள். சிப்பாயின் குரல் அதில் இல்லை. இருபது வருடம் கழித்து எழுதியவர்கள் வேறு. எல்லாவற்றையும்விடப் பெரியது, வெலிங்டனுக்குத் துணையாக வந்த பிரஷ்யர் விவகாரம். சைபோர்ன் தனக்குக் கிடைத்த சான்றின்படி பிரஷ்யப் படையைக் களத்தின் உள்ளே வெகுதூரம் கொண்டுவந்து வைத்தார். வெற்றியில் அவர்களுடைய பங்கு பெரிதாகத் தெரிவது வெலிங்டன் தரப்புக்குப் பிடிக்கவில்லை. வருடக்கணக்கான நெருக்குதலுக்குப் பிறகு பிரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதியை அவர் எடுத்துவிட்டார். ஆகவே இன்று நீ பார்ப்பது முழுக்க அவர் நம்பிய போர்க்களம் அல்ல.

வெலிங்டனே, போர் முடிந்த சில வாரங்களில், வரலாறு எழுத விரும்பிய ஒருவரிடம், போர் ஒரு நடன விருந்து மாதிரி என்று சொல்லித் தடுத்தார். நடந்தவை பலருக்கு நினைவிருக்கும். எது எந்த நொடியில், எந்த வரிசையில் நடந்தது என்பது யாருக்கும் நினைவிராது என்பது அவர் வாதம். அவருடைய அறிக்கையையே எடுத்துக்கொள். உகுமோன் தாக்குதல் ஏறக்குறையப் பத்து மணிக்குத் தொடங்கியது என்கிறார். பதினொன்றரை என்று சொல்பவர்கள்தான் அதிகம். கடிகாரங்கள் ஒத்துப்போகாத காலம்.

ஆகவே, ஒரு படை எங்கே நின்றது என்று இனிமேல் என்னிடம் கேட்காதே. எத்தனை மணிக்கு எங்கே நின்றது என்று கேள். லா ஹே சான்டில் மேஜர் பாரிங்கின் ஜெர்மன் வீரர்கள் மதியம் முழுக்கத் தாங்கினார்கள். தோட்டா தீர்ந்த பிறகு மாலையில் இடத்தை விட்டார்கள். நாலரை மணியளவில் தளபதி பூலோவின் பிரஷ்யர்கள் காட்டிலிருந்து வெளிப்பட்டு பிளான்செனுவா என்ற ஊரை நோக்கி இறங்கிவிட்டார்கள். பல விளையாட்டுகளில் அவர்கள் கடைசிச் சுற்றில்தான் தலைகாட்டுகிறார்கள். அது அநியாயம்.

பயிரையும் நேரத்தோடு சேர்த்துப் பார். காலையில் ரை பயிர் ஆளை மறைக்கும் உயரம். மதியத்துக்குள் மிதிபட்டுச் சாய்ந்துவிட்டது. முந்தைய இரவின் மழையில் ஊறிய மண்ணில் பீரங்கிக் குண்டு துள்ளிப் பாயாமல் புதைந்தது. இதையெல்லாம் பலகையில் செய்ய முடியாது, விதியில் எழுத வேண்டும்.

நிலத்தைப் படிக்க வெலிங்டன் எங்கே கற்றார் என்று நினைக்கிறாய்? இந்தியாவில். 1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே, சுல்தான்பேட்டை தோப்பில், பகலில் பார்த்துவைக்காத இடத்தை இரவில் தாக்கித் தோற்றார். இனி அப்படிச் செய்வதில்லை என்று அப்போதே எழுதி வைத்தார். 1803இல் அஸ்ஸாயேயில், ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் இருப்பதைக் கண்டு, நடுவே ஆளிறங்கும் துறை இருந்தே தீரும் என்று கணித்தார். இருந்தது. வரைபடத்தில் இரண்டு ஊரைப் பார்த்தால் அவற்றுக்கிடையே மனிதர் எப்படிப் போய்வந்தார்கள் என்று நீயும் யோசிக்க வேண்டும். அஸ்ஸாயே போரைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இதுதான். வேறொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் காலாட்படை இரண்டு வரிசையாக நிற்கும். 500 பேர் என்றால் முன்வரிசையில் 250 பேர். ஆளுக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் வைத்தால், பட்டாலியனின் முகப்பு சுமார் 140 மீட்டர். உன் பொம்மைத் தட்டு இதைவிட நீளமாக இருந்தால் படைகள் முகட்டில் கொள்ளாது. பிறகு நீ நிலத்தை இழுத்து நீட்டுவாய்.

உன் கேள்விக்குப் பதில்: கரை ஓர் ஆள் உயரம் என்றே வைத்தாலும், 1:1000 அளவில் அது இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. குடையாதே. பாதையைக் கோடாக வரை. நெடுஞ்சாலையை அது வெட்டும் நாற்சந்தி அருகே மட்டும் குதிரைப்படைக்கு வேகம் குறையும் என்று விதி எழுது. மரத்தில் கை வைக்கும் முன், மாலை நாலரை மணிக்கு யார் எங்கே நின்றார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் சொன்னது, எந்த ஆண்டில் சொன்னது என்று குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்