'சாண்டல்' என்னும் சொல்லும் சந்தன மரமும்

'சாண்டல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஒன்று வார் வைத்த காலணி, மற்றொன்று சந்தனம். சந்தனக் கட்டையில் பாதரட்சை செய்தமையால் இப்பெயர் வந்தது போலும் என மாணவர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது. ஒலியால் ஒத்த இவ்விரு சொற்களும் பிறப்பால் வேறானவை.

காலணியைக் குறிக்கும் சொல் கிரேக்கத்தினின்று இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. சந்தனத்தைக் குறிக்கும் சொல்லோ நம் நாட்டினின்று சென்றதாகும். வடமொழியில் 'சந்தன' என வழங்கிய அது, வணிகப் பொருளோடு மேற்கே சென்று, பாரசீகத்தில் 'சந்தல்' எனவும், அரபியில் 'ஸந்தல்' எனவும், கிரேக்கத்தில் 'ஸாந்தலோன்' எனவும் திரிந்து, பிற்கால இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது. வடசொல்லுக்கும் 'சாந்து', 'சாத்து' என்னும் தமிழ்ச் சொற்களுக்கும் உறவுண்டு எனக் கருதும் மொழியறிஞரும் உளர். 1753-இல் லின்னேயஸ் இம்மரத்திற்கு 'ஸாண்டலம் ஆல்பம்' எனப் பெயரிட்டார். 'ஆல்பம்' என்பது வெண்மையைக் குறிக்கும்.

பெயரொற்றுமை மற்றோர் இடத்திலும் மயக்கம் தருகிறது. ஆங்கிலத்தில் 'ரெட் சாண்டர்ஸ்' எனவும், தமிழில் செம்மரம், செஞ்சந்தனம் எனவும் வழங்கும் மரம் சந்தன இனத்தைச் சேர்ந்ததன்று. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாவரப் பெயர் 'டெரோகார்ப்பஸ் சாண்டலினஸ்'. சந்தனத்தின் இலை தனியிலை, எதிரெதிராக அமைவது. கனி சிறிய உருண்டை; முதிர்ந்தால் கருஞ்சிவப்பாகும். செம்மரத்தின் இலை கூட்டிலை. பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள் கொண்டது. கனி தட்டையானது, சுற்றிலும் சிறகுடையது. சந்தன வைரம் மணம் மிக்கது. செம்மர வைரத்திற்கு நிறமே சிறப்பு. சந்தன மணம் அதற்கு இல்லை. ஆதலின், பதிவேட்டில் 'சந்தனம்' என்று மட்டும் எழுதுவது போதாது. தாவரப் பெயரையும் குறித்தல் வேண்டும்.

வளர்ப்பு முறையிலும் இவ்வேறுபாடு பயன்படுகிறது. சந்தனம் அரை ஒட்டுண்ணி. தன் இலையால் உணவு தயாரிப்பினும், அண்டை மரஞ்செடிகளின் வேர்களைப் பற்றி நீரையும் தாதுப் பொருள்களையும் உறிஞ்சும். துணைச் செடி இன்றி நட்டால் கன்று நலியும். எனவே நாற்றங்காலில் துவரை, பொன்னாங்கண்ணி போன்றவற்றை உடன் வளர்ப்பர். செம்மரத்திற்கு இத்துணை வேண்டுவதில்லை.

பெங்களூரில் 1938-இல் தோன்றிய வன ஆராய்ச்சிக்கூடம், 1988 முதல் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது. சந்தன ஆராய்ச்சி அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று.

ஆசிரியர்கள் இவ்விரு மரங்களின் இலையையும் கனியையும் அருகருகே வைத்துக் காட்டின், பெயர் ஒன்றாயினும் பொருள் வேறாதல் கூடும் என்பது மாணவர் மனத்தில் எளிதிற் பதியும்.