ஒரே கோப்பு இரண்டு முறை இறங்கினால்

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன வெளியீடு ஒன்றின் பிடிஎஃப் மறுபடி இறக்கப்பட்டால், குரோம் அதன் பெயரோடு (1) சேர்க்கும். பழைய கோப்பு அழியாமல் காக்கவே இந்த ஏற்பாடு.

1. டவுன்லோட்ஸ் கோப்புறையைப் பெயர்வாரியாக அடுக்கவும். நகல் மூலத்துக்கு அருகிலேயே நிற்கும்.

2. அழிக்குமுன் இரண்டின் அளவையும் பைட் வரை ஒப்பிடவும். மிக முக்கியமான படி இதுதான். அளவு மாறினால் ஒன்று பாதியில் நின்றதாகவோ திருத்திய பதிப்பாகவோ இருக்கலாம்.

3. அளவு ஒன்றானாலும் திறந்து பார்க்கவும். வெவ்வேறு மாத மின்கட்டண ரசீதுகளும் ஒரே பெயரில் இறங்குவதுண்டு.

4. நகலை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பவும், தவறினால் மீட்கலாம்.

5. சேமிக்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் கேட்கும்படி பிரவுசரை அமைக்கவும். கோப்பு ஏற்கெனவே இருப்பது அப்போதே கண்ணில் படும்.