ஒரு கட்டுக் கீரையின் கணக்கு

"அண்ணே, கடையில ஒரு கட்டு ஒரு வெள்ளி சொச்சந்தானே? இதுக்கா நாலு வாரம் தண்ணி ஊத்தணும்?"

எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் கங்கோங் விதை ஊன்றிக்கொண்டிருந்த ஒரு தம்பி கேட்டது. நல்ல கேள்வி. இந்த மாதப் பாடத்தை அதிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளணும். தோட்டம் நம் வயிற்றை நிரப்பாது. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். ஒரு குடும்பத்துக்குச் சில நாள் பொரியலுக்கு வரும், அவ்வளவுதான். சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சந்தையில் ஏற்பட்ட தவிப்பு நினைவிருக்கும்.

அப்புறம் எதற்குத் தோட்டம்? ஒரு கட்டுக் கீரைக்குப் பின்னால் எவ்வளவு வேலை என்று கைக்குத் தெரியணும், அதற்குத்தான். எங்கள் களிமண்ணில் முதல் விதைப்பு மழையில் அழுகியது. இரண்டாவதை நத்தை தின்றது. பிறகுதான் உரத்துக்கு வந்தோம். கோயிலில் கழற்றிய மாலைகளை வாங்கி வந்து, நைலான் நூலையும் ஜிகினாவையும் பிரித்தெடுத்து (மாலை உரமாகும், ஜிகினா ஆகாது!), ஒரு பங்கு பூவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை சேர்த்து மக்கவிட்டோம். பூ அதிகமானால் நாறும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும். டெங்கி விஷயத்தில் இங்கே விளையாட முடியாது.

இப்போது பெரிய பண்ணைகளைப் பாருங்கள். 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என 2019இல் இலக்கு வைத்தார்கள். 2025 நவம்பரில் அது மாற்றப்பட்டது. இப்போதைய இலக்கு 2035க்குள் நார்ச்சத்தில் 20, புரதத்தில் 30 விழுக்காடு. இடையில் சில காய்கறிப் பண்ணைகள் மூடப்பட்டன. மின்கட்டணமும் ஆள்செலவும் ஏறின. அதே அடுக்கில் பக்கத்திலேயே மலிவான இறக்குமதிக் கீரை இருந்தது. நாம் எதை எடுத்தோம்? நானும் மலிவானதைத்தான் எடுத்தேன், மறைக்கவில்லை. முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உள்ளூரில் கிடைக்கிறது. காய்கறியில் 3 விழுக்காடு அளவுதான்.

வீட்டுச் செலவைப் பார்க்கும் அம்மாவிடம் போய் விலை கூடியதை வாங்குங்கள் என்று சொல்வது சுலபமில்லை. ஆனால் கோயில் அன்னதானம் வேறு. ஒரே இடம், வாராவாரம், மொத்தமாக வாங்குகிறோம். ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் வாடிக்கையாளரால் பண்ணைக்குப் பிழைப்பு ஓடாது. நிலையான ஆர்டர்தான் வேணும்.

ஒரு பேச்சுக்கு, உள்ளூர்க் கீரை கிலோவுக்கு 2 வெள்ளி கூடுதல் என்று வைப்போம். 200 பேருக்கு 10 கிலோ. கூடுதல் செலவு 20 வெள்ளி, ஓர் இலைக்கு 10 காசு.

அடுத்த வகுப்புக்குள் இதைச் செய்யுங்கள். உங்கள் கோயில் சமையற்கட்டில் கீரை வாரம் எத்தனை கிலோ, எங்கிருந்து, என்ன விலை என்று கேட்டு எழுதி வாருங்கள். வேலை நேரத்தில் போய் நிற்காதீர்கள், திட்டு விழும். ஒரு உள்ளூர்ப் பண்ணையிடமும் மொத்த விலை கேளுங்கள். இரண்டையும் நிர்வாகக் குழுப் பொருளாளர் முன் வைப்போம். அந்த 10 காசுக்கு உபயதாரர் கிடைப்பாரா என்று அவர் நிச்சயம் கேட்பார். பதிலோடு வாருங்கள்.