வயல் வைக்கோல் வயலுக்கே

அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வைக்கோல் நல்ல பசளை என்பதைக் கமக்காரர் அறியாதவரல்லர். அறிந்தும் செய்யாதிருப்பதே குறை.

ஒரு தொன் வைக்கோலில் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோகிராம் நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் பொற்றாசியமும் உண்டு. இவற்றையே நாம் கடையிற் காசு கொடுத்து வாங்குகின்றோம். எரித்தால் நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். சாம்பலோ எரிந்த இடத்திலேயே கிடக்கும்.

செய்யவேண்டியவை:

1. அறுவடை இயந்திரம் வரிசையாக விட்டுச்செல்லும் வைக்கோலை வயலெங்கும் சீராகப் பரப்புக.

2. விதைப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே நீர் பாய்ச்சி உழுது, மண்ணுள் மடக்குக. மடக்கியவுடன் விதைத்தால், வைக்கோலை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைக் கவர்ந்துகொள்ளும், இளம்பயிர் மஞ்சளிக்கும்.

3. எரிபந்த நோய் கண்ட வயலின் வைக்கோலை, சாணமும் கிளிசரிடியாத் தழையும் சேர்த்துக் கூட்டெருவாக்குக. நன்கு உக்கிய கூட்டெரு மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கும் உகந்தது.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது சேதனப் பசளை தேடி அலைந்தோம். 2021/22 காலபோகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்தது. மண்வளம் ஒரு போகத்தில் உண்டாவதன்று என்பதை அன்று கண்டோம். ஆதலால் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தாது, மண் பரிசோதனையின்படி படிப்படியாகக் குறைத்துக்கொள்க.

கமக்காரரே, வருகின்ற போகத்தில் ஒரு வயலிலேனும் தீ வையாது விட்டுப் பாருங்கள். ஐயமிருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள்.