எண்ணெய் மந்திரியும் ஒரு கணக்கு வரியும்

வியாபாரியின் பேரேடு ஒரு சாட்சி. கடைக்காரருக்கு மட்டுமன்றி, அவருடன் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்ட எவருக்கும் அது சாட்சி சொல்லும். இந்தியாவின் எண்ணெய் மந்திரியாக விளங்கிய கேசவ தேவ மாளவியாவின் சரித்திரம் இதற்கு நல்ல பாடமாகும்.

சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்தியாவின் எண்ணெய் வியாபாரம் பெரும்பாலும் பர்மா ஷெல், கால்டெக்ஸ் முதலிய அந்நியக் கம்பெனிகளின் கையிலிருந்தது. மாளவியாவின் முயற்சியால் 1956-ல் எண்ணெய், இயற்கை வாயுக் கமிஷன் ஏற்பட்டது. ரஷ்ய நிபுணர்களின் உதவியுடன் 1958-ல் காம்பேயிலும், 1960-ல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கண்டார்கள். விற்பனைக்கென 1959-ல் இந்தியன் ஆயில் கம்பெனி தோன்றிற்று.

1960-ல் ரஷ்யா குறைந்த விலைக்கு, ரூபாய்க் கணக்கில், கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அந்நியக் கம்பெனிகள் தங்கள் ஆலைகளில் அதைச் சுத்திகரிக்க மறுத்தன; ஆனால், தங்கள் எண்ணெயின் விலையைக் குறைத்தன. எதிர்க்கடையில் மலிவுச் சரக்கு இறங்கினால் நம் கடையில் விலை இறங்கும் என்பதைக் கோலசிலாங்கூர் கடைத்தெருவில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

இத்துணை செல்வாக்குள்ள மந்திரியை வீழ்த்தியது பத்தாயிரம் ரூபாய். 1957 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் ஒருவருக்கு உதவும்படி, சிராஜுத்தீன் கம்பெனி என்ற சுரங்க வியாபார நிறுவனத்திடம் அவர் கேட்டிருந்தார். பணம் கொடுத்த விவரம் கம்பெனிக் கணக்கில் பதிவாகியிருந்தது. சுரங்க இலாகாவோ மாளவியாவின் பொறுப்பிலிருந்தது! விஷயம் வெளிவந்தது. பிரதமர் நேருவின் வேண்டுகோளின்படி நீதிபதி எஸ். கே. தாஸ் விசாரித்தார். 1963-ல் மாளவியா ராஜினாமாச் செய்தார்.

1974-ல் அவர் மீண்டும் எண்ணெய் மந்திரியானார். அதே ஆண்டு ஆகஸ்டு 17-ல்தான், தெங்கு ரசாலி ஹம்சாவைத் தலைவராகக் கொண்டு நம் நாட்டில் பெட்ரோனாஸ் பிறந்தது. 1977 தேர்தலில் தோற்ற மாளவியா, 1981-ல் காலமானார்.

வர்த்தகச் சகோதரர்களே! தஞ்சோங் காராங்கிலோ, தோட்டத்து முனையிலோ கடை வைத்திருப்பவரிடமும் நன்கொடை கேட்டு வருவார்கள். கேட்பவர் யார் என்று மட்டும் பார்த்தால் போதாது. நமது லைசென்சோ, குத்தகையோ அவர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காத்திருந்தால், மரியாதையாக மறுத்துவிடுவதே இருவருக்கும் க்ஷேமம். கொடுத்ததைக் கணக்கில் எழுதாமல் மறைப்பது அதற்குப் பரிகாரமாகாது. அது இரண்டாவது குற்றம். பேரேட்டில் கூசாமல் எழுதக்கூடிய தொகையையே கொடுப்போமாக.