பழைய வேனில் சூடு காட்டும் முள்: பழுது எஞ்சினிலா, மீட்டரிலா?

காய்கறி ஏற்றிச் செல்லவும், உரமூட்டை கொண்டு வரவும் பழைய வேன் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், டெம்பரேச்சர் மீட்டர் வேலை செய்யாவிட்டாலும் அப்படியே ஓட்டி வருகின்றனர். இது ஆபத்தானது. பாரத்துடன் மேடு ஏறும்போது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் கேஸ்கட் போய்விடும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில எளிய சோதனைகளால் பழுது எங்கே என்பதை நாமே கண்டுகொள்ளலாம்.

முதலில் நீரைப் பார்க்கவும்

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால், அது உண்மையான சூடு என்றே கருதி வண்டியை நிறுத்த வேண்டும். எஞ்சின் நன்கு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கொதிநீர் சீறி வந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். ஆறிய பிறகு நீர் மட்டம், ரப்பர் குழாய்க் கசிவு, விசிறி பெல்ட் ஆகியவற்றைப் பார்க்கவும்.

நீர் மிகவும் குறைந்துவிட்டால், சூட்டை உணரும் சென்டர் நீரில் படாமல் நிற்கும். அப்போது எஞ்சின் கொதித்தாலும் முள் தாழ்ந்தே காட்டலாம். எனவே முள் இறங்கிவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது.

மீட்டர் சோதனை

எஞ்சினில் தெர்மோஸ்டாட் அருகே திருகப்பட்டிருக்கும் சிறிய சென்டரிலிருந்து ஓர் ஒயர் மீட்டருக்குச் செல்கிறது. நீர் சூடாக ஆக, சென்டரின் மின்தடை குறையும், மின்சாரம் கூடுதலாகப் பாயும், முள் ஏறும். பெரும்பாலான பழைய வண்டிகளில் அமைப்பு இதுதான்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது, அதை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துக் கீழ்க்கண்டவாறு பார்க்கவும்.

1. முள் எப்போதும் மேலேயே நின்றால், சென்டர் ஒயரைக் கழற்றவும். முள் இறங்கினால் சென்டர் பழுது. இறங்காவிட்டால் ஒயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது, அல்லது மீட்டர் பழுது.

2. முள் அசையாமல் கீழேயே கிடந்தால், கழற்றிய ஒயர் முனையை 12 வோல்ட் சிறு பல்பு வழியாக எஞ்சின் இரும்பில் ஒரு நொடி தொடவும். முள் ஏறினால் மீட்டரும் ஒயரும் நலம். சென்டரையோ அதன் எர்த்தையோ கவனிக்கவும். ஏறாவிட்டால் ஃபியூஸ், ஒயர், மீட்டர் என்று வரிசையாகப் பார்க்கவும்.

3. டீசல் மீட்டரும் சேர்ந்து தவறாகக் காட்டினால், டாஷ்போர்டின் எர்த் அல்லது மீட்டர்களுக்கான வோல்டேஜ் ஸ்டெபிலைசர் பழுதாக இருக்கலாம்.

கம்ப்யூட்டர் பொருத்திய புதிய வண்டிகளில் இச்சோதனையைச் செய்யக் கூடாது. மின் விசிறிக்குச் செல்லும் ஒயரைச் சென்டர் ஒயர் என்று எண்ணிக் கழற்றிவிடவும் கூடாது.

புதிய சென்டர் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லவும். வேறு வண்டியின் சென்டர் திருகில் பொருந்தினாலும் முள் தவறாகக் காட்டும். மரையில் டேப்பை அதிகம் சுற்றினால் எர்த் கிடைக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் முள் நடுப்பகுதிக்கு வராவிட்டால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம். இதனால் எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசல் கூடுதலாகச் செலவாகும், தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடவும்.

மீட்டர் சரியாகும்வரை பாரம் ஏற்றித் தொலைதூரம் செல்ல வேண்டாம். தினமும் காலையில் வண்டி எடுக்குமுன் நீர் மட்டம் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், எஞ்சின் பல்லாண்டு உழைக்கும்.