ஒரு துண்டு இறைச்சியும் ஒரு மகஜரும்

காட்டு விலங்கைக் கொன்றவன் பிடிபட்டால் வழக்கு முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் வழக்கு அப்போதுதான் தொடங்குகிறது. அது நிற்பதும் விழுவதும் அன்று எழுதப்படும் தாளைப் பொறுத்தவை.

திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையத்தை எடுத்துக்கொள்வோம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைப்புறம். உப்பலமடுகு அருவியைச் சூழ்ந்த காடு அருகே உள்ளது. அக்காட்டோரத்தில் ஒருவர் பையில் மூன்று கிலோ இறைச்சி அகப்பட்டதாகக் கொள்வோம். "ஆட்டுக்கறி" என்கிறார் அவர். "மான்கறி" என்கிறார் வன அலுவலர்.

1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு கடுமையானது. காட்டு விலங்கின் இறைச்சி ஒருவர் வசம் இருந்தது என நிறுவப்பட்டால், அது முறைகேடான உடைமை என்றே நீதிமன்றம் கொள்ளும். அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. ஆனால் 'நிறுவப்பட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது ஆடா மானா என்று முதலில் காட்ட வேண்டியது அரசுத் தரப்பே.

இங்கேதான் விஞ்ஞான மாணவருக்கு வேலை வருகிறது. தோலும் கொம்பும் இல்லாத துண்டிலும், சமைத்த கறியிலுங்கூட, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. பெரும்பாலும் எஞ்சியிருக்கும், ஒரு செல்லில் அதற்கு நூற்றுக்கணக்கான படிகள் உண்டு. அதிலுள்ள சைட்டோகுரோம்-பி ஜீனைக் கொண்டு விலங்கின் இனத்தைச் சொல்லலாம். பலவகை விலங்குகளுக்கும் பொதுவான பிரைமர்களை ஐதராபாத் செல்-மூலக்கூறு உயிரியல் மையத்தார் 2003இல் வெளியிட்டனர். மாதிரியை ஃபார்மலினில் இட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும்; ஆல்கஹாலில் இட வேண்டும். (விலங்கியல் மாணவரின் கையோ பழக்கத்தால் ஃபார்மலின் புட்டியையே தேடும்!)

'மான்' என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது. ஆனால், சோதித்த துண்டு அந்தப் பையில் இருந்ததுதானா? இக்கேள்விக்கு விடை சொல்வது மகஜர் ஒன்றே. இடம், நேரம், எடை, பொட்டலங்களின் எண்ணிக்கை, முத்திரையின் பதிவு, சாட்சிகளின் கையொப்பம் ஆகிய யாவும் அதில் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பொட்டலத்தைப் பிரிப்பவர் அம்முத்திரையை ஒப்பிட்டுப் பார்ப்பார். முத்திரை மாறினால் டி.என்.ஏ. முடிவும் பயனற்றுப் போகலாம்.

50ஆம் பிரிவின்படி, உதவி வனப் பாதுகாவலர் தரத்துக்குக் குறையாத, அதிகாரம் பெற்ற அலுவலர் சாட்சியம் பதியலாம். அது குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதியப்பட்டிருந்தால் பின்னர் விசாரணையிலும் செல்லும். முன்னிலை என்றால் உடல் மட்டும் அங்கிருந்தால் போதுமா? தெலுங்குத் தாளில் தமிழ் மட்டுமே அறிந்தவர் கைரேகை வைத்தால், அதில் உள்ளது அவர் சொன்னதுதான் என்று யார் சொல்வது? மொழி கடந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு இக்கேள்வி சிறிதாகத் தோன்றவில்லை. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்டு, தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் ஆந்திர அதிரடிப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் மீதான குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை.

காவல் நிலைய அறிக்கையை மட்டும் கொண்டு இச்சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழக்கை ஏற்பதில்லை. அதிகாரம் பெற்ற அலுவலரே நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு. அவர் செய்யாவிட்டால், குறைந்தது 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம். மாணவரும் அதில் அடக்கம்.